சீட்டுக்கட்டில் ஒரு நெய்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கத்ர் போர்னில் வசிக்கிறேன். ஆரம்பப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் ரோஸ் ஹில்லில் நண்பர்கள் நால்வர் கூடி மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டாட்டம் ஆடுவது எங்கள் வழக்கம். நீங்களும் ஆடுகிறவர் என்பதைத் தங்கள் பழைய கட்டுரை ஒன்றில் படித்ததால் இதை எழுதத் துணிந்தேன்.

நம் மொரீஷியஸ் தீவின் பறவைகளைக் கருவாக வைத்து ஒரு கமாண்டர் சீட்டுக்கட்டு அமைக்க ஆசைப்பட்டேன். டோடோ, வல்லூறு, இளஞ்சிவப்புப் புறா, பச்சைக்கிளி ஆகிய நான்கும் மனத்தில் இருந்தன. தலைமைச் சீட்டு, வெள்ளையும் நீலமும் கலந்த ‘கேங்கி, ஏரி கீப்பர்’. 44 பறவைகள், 31 நிலங்கள், மீதி கைக்குக் கிடைத்தவை. இதுவரை பதினோரு ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூட நான் வெல்லவில்லை. கருவை வைத்துக் கட்டினால் தோற்கத்தான் வேண்டும், வெல்ல வேண்டுமென்றால் எல்லோரும் வைத்திருக்கும் வலுவான சீட்டுகளை வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். என் அண்ணனோ, இது பறவைப் படங்களின் ஆல்பம், கட்டு அல்ல என்கிறார். டோடோவுக்குப் பொருத்தமான சீட்டும் என்னிடம் இல்லை. என் பறவைகள் எல்லாமே பறக்கின்றன. கருவைக் கைவிடாமல் இதைச் சரிசெய்ய முடியுமா? ‘ஸ்டார்ம் க்ரோ’ என்ற சீட்டை நீக்கச் சொல்லி எல்லோரும் கேலி செய்கிறார்கள். அதையும் நீக்கிவிடவா?

அன்புடன்,
கத்ர் போர்ன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த பட்டியலை மூன்று முறை படித்தேன். உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆனால் அதற்குத் தீர்வு நண்பர்கள் சொல்வது அல்ல.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்குச் சில வரிகள். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர் உருவாக்கி 1993-இல் வெளிவந்த ஆட்டம் இது. இதில் எல்லோருக்கும் பொதுவான ஒரே சீட்டுக்கட்டு கிடையாது. வெளிவந்திருக்கும் பல்லாயிரம் சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கான கட்டைத் தாமே தேர்ந்து அமைத்துக்கொண்டு வரவேண்டும். நிலச் சீட்டுகள் மேனா என்ற ஆற்றலைத் தருகின்றன. அதைச் செலவிட்டு உயிரினங்களையும் மந்திரங்களையும் களத்தில் இறக்குகிறோம். கமாண்டர் என்னும் ஆட்டமுறையில் கட்டுக்கு 100 சீட்டுகள்: ஒன்று தலைமை, மற்றவை 99. அடிப்படை நிலங்களைத் தவிர எந்தச் சீட்டும் இரண்டாம் பிரதியாக வரக்கூடாது. தலைமைச் சீட்டின் நிறங்களுக்கு வெளியே எதையும் சேர்க்கவும் கூடாது. ஒவ்வொருவரும் 40 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவார்கள்; பெரும்பாலும் நால்வர் ஆடுவார்கள்.

தமிழாசிரியரான உங்களிடம் அகத்திணையின் மொழியில் பேசுவதே எளிது. ஒரு திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று உண்டு. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை கரு. அந்த நிலத்தில் மனிதருக்கு நேர்கிற ஒழுக்கம் உரி. கருப்பொருளை மட்டும் வரிசையாக அடுக்கினால் பாட்டு வராது என்பதை உங்கள் மாணவர்களுக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள். உங்கள் கட்டில் நடந்திருப்பது அதுதான். 44 பறவைகளும் கருப்பொருள். 31 நிலங்களும் குறைபட்ட முதற்பொருள். உரிப்பொருள் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. அந்தப் பறவைகளுக்கு இந்தத் தீவில் என்ன நேர்ந்தது என்பதை உங்கள் கட்டின் எந்தச் சீட்டும் ஆட்டத்தில் நிகழ்த்திக் காட்டுவதில்லை. அவை வருகின்றன, பறக்கின்றன, யாராவது கொன்றால் சாகின்றன. உலகின் எந்தப் பறவைக்கும் பொருந்தும் கதை இது.

நேர்ந்தது என்ன என்பதை நாம் அறிவோம். 1598-இல் டச்சுக்காரர்கள் கரையிறங்கினார்கள். கப்பல்களோடு வந்த எலிகளும் பன்றிகளும் குரங்குகளும் தரையில் கூடுகட்டிய பறவைகளின் முட்டைகளைத் தின்றன, காடும் வெட்டப்பட்டது. டோடோவைக் கண்டதாகப் பெரும்பாலோர் ஏற்கும் கடைசிப் பதிவு 1662-க்குரியது. இது கதையின் ஒரு பாதி. 1974-இல் மொரீஷியஸ் வல்லூறுகளில் காட்டில் எஞ்சியிருந்ததாக அறியப்பட்டவை நான்கே நான்கு. 1979-இல் இங்கு வந்த கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு உயிரியலாளர், கூட்டிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துச் செயற்கையாக அடைகாத்தார். முட்டைகளை இழந்த பறவை மறுபடியும் முட்டையிட்டது. ஒரே பருவத்தில் இரண்டு ஈடுகள் கிடைத்தன. அப்படி வளர்த்து விடப்பட்ட பறவைகளால் வல்லூறுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. புறாவும் பச்சைக்கிளியும் இதேபோல் விளிம்புவரை போய்த் திரும்பியவை. இழப்பும் மீட்பும்தான் உங்கள் உரிப்பொருள். அதை வெள்ளையும் நீலமும் தாராளமாகச் செய்துகாட்டும், தலைமையைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

முதலில் ‘ராத் ஆஃப் காட்’ சீட்டைச் சேருங்கள். களத்திலுள்ள எல்லா உயிரினங்களையும் அழிக்கும் மந்திரம் அது. 1993-இன் முதல் தொகுப்பிலிருந்தே இருப்பது. பறவைக் கட்டில் பறவைகளையே கொல்லும் சீட்டா என்று கேட்பீர்கள். அதுதான் 1598. (உண்மையில் அழிவு ஒரே நாளில் நடக்கவில்லை, பல பத்தாண்டுகள் ஆயின. சீட்டு வரலாற்றைச் சுருக்கிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளலாம்.) எதிரில் இருக்கும் மூவரின் படைகளும் இடுகாட்டுக்கு, அதாவது செத்த சீட்டுகள் சேரும் அடுக்குக்குப் போகின்றன, உங்களுடையதும் போகிறது. ஆனால் திரும்பி வரத் தெரிந்தவை உங்களுடையவை மட்டும்தான் என்றால், அந்த இழப்பு உங்களுக்குச் சாதகமாகிறது.

திரும்பி வருவதற்கு ‘ரெவில்லார்க்’ வேண்டும். அது களத்தை விட்டு நீங்கும்போது, தாக்கு வலிமை இரண்டோ அதற்குக் குறைவோ உள்ள உயிரினச் சீட்டுகள் இரண்டை இடுகாட்டிலிருந்து களத்துக்கு மீட்கிறது. தன்னோடு அதே மந்திரத்தில் செத்த பறவைகளையும் அது மீட்கும். உங்கள் சிறு பறவைகள் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் வருபவை. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: பெயரிலும் படத்திலும் வானம்பாடியைப் போலிருந்தாலும், ஆட்ட விதிப்படி ரெவில்லார்க் பறவை இனம் அல்ல, எலிமென்டல் என்ற இனம். உங்கள் பட்டியலில் அது இல்லாததற்குக் காரணம் அதுவாகவே இருக்கும். இனவரியைப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறீர்கள். செயலைப் பார்த்துப் பொறுக்குங்கள். மொரீஷியஸ் வல்லூறின் கதையை உங்களிடம் உள்ள பல பருந்துகளைவிட இந்தப் பறவையல்லாத பறவை நன்றாகச் சொல்கிறது. ஒவ்வொரு முறை தாக்கும்போதும் மேனா விலை மூன்றுக்கு மேற்படாத ஒரு சீட்டை மீட்கும் ‘சன் டைட்டன்’ சீட்டையும் இதே காரணத்துக்காகச் சேர்க்கலாம். அது ஓர் அரக்கன்தான், பறவையே அல்ல. ஆனால் தொழில் பொருந்துகிறது.

‘பேட்டில் ஸ்க்ரீச்’ உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. அதில் என்ன கிடைத்திருக்கிறது என்பதை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அது இரண்டு வெள்ளைப் பறவை டோக்கன்களை, அதாவது கட்டில் இல்லாமல் களத்தில் மட்டும் அடையாளமாக வைக்கும் உயிரினங்களை, உருவாக்குகிறது. பிறகு இடுகாட்டுக்குப் போகிறது. அங்கிருந்து, மேனா எதுவும் செலவிடாமல், களத்திலுள்ள மூன்று வெள்ளை உயிரினங்களைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து மறுபடியும் அதே மந்திரத்தை இடலாம். அப்போதுதான் பிறந்த இரண்டு குஞ்சுகளையும் அந்த மூன்றில் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆகவே வேறொரு வெள்ளைப் பறவை களத்தில் இருந்தால் போதும், ஒரே சுற்றில் இரண்டு ஈடுகள். வல்லூறின் இரட்டை ஈட்டை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் சீட்டை, தேடினாலும் நான் கண்டிருக்க மாட்டேன்.

முதற்பொருளுக்கு வருகிறேன். ‘எமேரியா, த ஸ்கை ரூயின்’ என்ற நிலம், உங்களிடம் வெள்ளை மேனா தரும் பிளெயின்ஸ் என்ற நிலங்கள் ஏழு இருந்தால், உங்கள் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இடுகாட்டிலிருந்து ஓர் உயிரினத்தைத் திருப்பித் தருகிறது. நிலமே பறவையை மீட்கிறது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நிலங்களில் பாதிக்கு மேல் பிளெயின்ஸாக வைத்தால் இது வேலை செய்யும்.

உங்கள் தோல்விகளில் பெரும்பங்கு கருவால் வந்ததே அல்ல, நிலக் கணக்கால் வந்தது. 99 சீட்டுகளில் 31 நிலங்கள் என்றால், தொடக்கத்தில் எடுக்கும் ஏழு சீட்டுகளில் நிலமே இல்லாமலோ ஒன்றே ஒன்றோடோ நீங்கள் உட்காருவது ஏறக்குறைய 100-க்கு 29 முறை. அதை 37 ஆக்கினால் 19 முறையாகக் குறைகிறது. அதேபோல், மீட்கும் சீட்டு மூன்றுதான் இருந்தால், ஐந்தாம் சுற்றுக்குள் பன்னிரண்டு சீட்டுகளைப் பார்த்திருந்தாலும் அவற்றில் ஒன்றாவது கைக்கு வருவதற்கு வாய்ப்பு 100-க்கு 32 மட்டுமே. எட்டு வைத்தால் அது 66. ஒரே பிரதி என்ற விதி உள்ள ஆட்டத்தில், ஒரு கரு மேசையில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் அதே தொழிலைச் செய்யும் வெவ்வேறு சீட்டுகள் எட்டோ பத்தோ வேண்டும். 44 பறவைகளை 28-ஆகக் குறையுங்கள். இடம் தானாகக் கிடைக்கும்.

எவற்றைக் குறைப்பது? முதலில் ‘ஸ்குவாட்ரன் ஹாக்’. தன் பெயருள்ள மற்ற மூன்றைக் கட்டிலிருந்து தேடி எடுப்பதே அதன் சிறப்பு. ஒரே பிரதி மட்டும் அனுமதிக்கப்படும் கட்டில் அது யாரைத் தேடும்? அடுத்து, விலை ஐந்துக்கு மேல் இருந்து வெறுமனே பறப்பவை அனைத்தும். ‘ஸ்வான் சாங்’ இருக்கட்டும்: எதிராளியின் மந்திரத்தைத் தடுத்துவிட்டு ஈடாக அவருக்கு ஒரு பறவை டோக்கனைக் கொடுக்கிறது; களத்திலுள்ள ஒவ்வொரு பறவைக்கும் ஒரு சீட்டு எடுக்கத் தரும் ‘ஏர்போர்ன் எய்ட்’ உங்களிடம் இருப்பதால், அவரிடம் போன பறவைக்கும் சேர்த்து நீங்களே சீட்டு எடுப்பீர்கள். கேங்கியைப் பொறுத்தவரை, மிகுந்த மேனா சேரும்வரை அவரை இறக்காதீர்கள். அதிகமாகச் செலவிட்டால்தான் அவர் மற்றப் பறவைகளுக்கு வலிமை கூட்டும் இறகு அடையாளங்களோடு வருவார், செத்துவிட்டால் அடுத்த முறை இரண்டு மேனா கூடுதலாகக் கேட்பார்.

இதையெல்லாம் நான் தோற்றுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் கடலைக் கருவாக வைத்து ஒரு கட்டு அமைத்தேன். மீன், திமிங்கிலம், கடற்பாம்பு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்தேன். அதில் ‘சீ சர்ப்பென்ட்’ என்ற பழைய சீட்டு எனக்குப் பெருமை. எதிராளியிடம் ‘ஐலேண்ட்’ என்ற நிலம் இல்லையென்றால் அதனால் தாக்கவே முடியாது என்பதை ஆட்டத்தின் நடுவில்தான் படித்தேன். சுற்றிலும் கடல் சூழ்ந்த ஊரில், எதிரில் அமர்ந்த மருமகனிடம் ஒரு தீவுகூட இல்லாததால் என் பாம்பு கடைசிவரை சும்மா கிடந்தது.

மேசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரியில் கமாண்டர் ஆட்டத்துக்கு ஐந்து படிநிலைகள் அறிமுகமாயின. வெற்றியைவிடக் கருவை முன்னிறுத்தும் கட்டுகளுக்கென்றே முதற்படி வகுக்கப்பட்டிருக்கிறது; ஐந்தாம் படி போட்டிக்கான கட்டுகளுக்கு உரியது. உங்கள் நண்பர்கள் மூன்றாம், நான்காம் படிக் கட்டுகளோடு வருகிறார்கள் என்று அவர்களின் அறிவுரையிலிருந்தே தெரிகிறது. சொன்ன மாற்றங்களுக்குப் பின் உங்கள் கட்டு இரண்டாம் படியில் நிற்கும். சீட்டுகளைக் கலைப்பதற்கு முன்பே இதை அவர்களிடம் பேசிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு ஆட்டமாவது அந்தப் படிக்கு அவர்கள் இறங்கி வரலாம். வராவிட்டால் தோல்விகள் குறையுமே தவிர நிற்காது.

டோடோவுக்குச் சீட்டுத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. இந்த ஆட்டத்தில் சாவு இரண்டு வகை. இடுகாட்டுக்குப் போனவை உங்கள் கட்டில் திரும்பிவரும். நாடுகடத்தப்பட்டவை ஆட்டத்தை விட்டே விலக்கப்படுகின்றன. ரெவில்லார்க்கோ எமேரியாவோ அவற்றைத் தொட முடியாது. எதிராளிகளில் யாரேனும் ‘சோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ்’ போன்ற சீட்டை இட்டு உங்கள் பறவை ஒன்றை நாடுகடத்தும்போது, அதை மற்றச் சீட்டுகளோடு அடுக்காமல் தனியே, முகம் தெரிய, மேசையின் ஓரத்தில் வையுங்கள். அந்த ஆட்டத்தின் டோடோ அது. எந்தப் பறவை என்பதை எதிரில் இருப்பவரே தீர்மானிக்கிறார்.

ஸ்டார்ம் க்ரோவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு மேனாவுக்கு ஒன்று தாக்கி இரண்டு தாங்கும் அந்தச் சாதாரணக் காகம், உலகெங்கும் ஆட்டக்காரர்களின் நெடுநாள் கேலிப்பொருள். உங்கள் நண்பர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இங்கே நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும், உரிப்பொருள் இரங்கல், ஆகவே நீங்கள் கட்டுவது நெய்தல். நெய்தலின் கருப்பொருளில் பறவை எது என்று உங்கள் மாணவர்களைக் கேளுங்கள், கடற்காகம் என்பார்கள். காகம் இருக்கட்டும்.

அன்புடன்