பட்டை சீவிய குவளை, சாம்பல் பூச்சு: கேள்வி பதில்

கேள்வி: ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுடும் கெட்டி மண்பாண்டம்) குவளையின் பக்கங்களைப் பட்டையாகச் சீவினால் சுவர் ஓட்டையாகிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: வனைவதில். சுவரை வழக்கத்தைவிட இருமடங்கு தடிமனாக, 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை வையுங்கள். வட்டத்தைத் தட்டையாக வெட்டும்போது பட்டையின் நடுவில்தான் மண் அதிகம் போகும். 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள குவளையில் 6 பட்டை என்றால் நடுவில் 5 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். 12 பட்டைக்கு ஒன்றரைகூட ஆகாது. முதல் குவளைக்கு 12 எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கத்தியா, கம்பியா?

பதில்: மண் இளக்கமாக இருந்தால் கம்பி. சீவிய பிறகு உள்ளிருந்து விரலால் லேசாக உந்தினால் பட்டை புடைத்து அழகாகும். கொஞ்சம் இறுகியபின் கத்தி. விளிம்பு கூர்மையாக நிற்கும். எதுவானாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பு. பாதியில் தயங்கினால் அந்த இடத்தில் வடு தெரியும்; திருத்தப் போனால் இன்னும் மோசமாகும்.

கேள்வி: சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சுக்கு விறகுச் சாம்பலை அப்படியே பூசலாமா?

பதில்: பூசலாம், ஆனால் தாறுமாறாக வழியும். சாம்பலில் உள்ள சுண்ணாம்பும் பொட்டாசும் 1250 டிகிரியை ஒட்டி மண்ணின் சிலிக்காவை (மணலில் உள்ள, கண்ணாடியாகும் பொருள்) உருக்குகின்றன. சாம்பல் 2, ஃபெல்ட்ஸ்பார் (பாறைக் கனிமப் பொடி) 2, களிமண் 1 என்ற பங்கில் தொடங்குங்கள். உமிச் சாம்பலை இதே கணக்கில் போடாதீர்கள். அதில் பெரும்பகுதி சிலிக்காதான், எளிதில் உருகாது. சலிக்கும்போது முகமூடி, கரைக்கும்போது கையுறை. ஈரச் சாம்பல் காரம், தோலை அரித்துவிடும்.

கேள்வி: பூச்சு வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டது ஐயா!

பதில்: என் முதல் சூளையில் மூன்று குவளைகள் தட்டோடு ஒன்றாகின. சுத்தியலால்தான் பெயர்த்தேன். அடியிலிருந்து 1 சென்டிமீட்டர் வரை பூசாமல் விடுங்கள். வழிவதை முற்றிலும் நிறுத்திவிடாதீர்கள். பட்டையின் விளிம்பில் பூச்சு மெலிந்து மண்ணின் பழுப்பு தெரிவதும், சரிவுகளில் கண்ணீர்போல் திரண்டு நிற்பதும் அந்த வழிவினால்தான். இதற்காகத்தானே பட்டையே சீவுகிறோம்!

கேள்வி: பச்சை எதிர்பார்த்தேன், தேன் நிறம் வந்தது.

பதில்: மின்சூளையாக இருக்கும். சாம்பலிலும் மண்ணிலும் உள்ள இரும்பு, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் மஞ்சளாகும். சூளைக்குள் ஆக்சிஜன் குறைந்தால்தான் பச்சை. தேன் நிறத்துக்கு என்ன குறை?

கேள்வி: அதில் குடிக்கலாமா?

பதில்: எலுமிச்சைத் துண்டு ஒன்றை இரவு முழுக்க உள்ளே வைத்துப் பாருங்கள். காலையில் அந்த இடம் மங்கியிருந்தால் பூப்போட்டு வைக்கலாம், குடிக்க வேண்டாம்.