வீட்டு வைஃபை பெயரை மாற்ற போன் போதும், ஆளைக் கூப்பிட வேண்டாம்

கேள்வி: குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு வீடு மாறி வந்திருக்கிறோம். புது கனெக்‌ஷனின் வைஃபை பெயர் ஏதோ எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே மாதிரிதான், எது நம்முடையது என்றே தெரியவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. போனிலேயே பெயரை மாற்ற முடியுமா?

முடியும். பத்து நிமிட வேலை. இதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

நான் வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கிறேன். எங்கள் மாடியறைகளை சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கொல்கத்தா, அசாம், திரிபுரா என்று தூரத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். அறைக்குள் பையை வைத்ததும் அவர்கள் முதலில் கேட்பது வைஃபை. ஊரில் விட்டு வந்த பிள்ளையிடம் பேச வேண்டும், ரிப்போர்ட்டை அண்ணனுக்கு அனுப்ப வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் வைஃபை பெயர் என்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. தெருவிலும் இந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

போனை எடுப்பதற்கு முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பெயரை மாற்றிய அடுத்த நொடி, பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அத்தனையும் அறுந்துவிடும். டிவி, வாசல் கேமரா, பிரின்டர், ஸ்மார்ட் பல்பு, மாமனாருடைய போன், எல்லாமே. பாஸ்வேர்டை அப்படியே விட்டு பெயரை மட்டும் மாற்றினாலும் இதே கதைதான். கருவிகள் நெட்வொர்க்கை அடையாளம் வைத்திருப்பது பெயரை வைத்து. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் அவற்றுக்கு அது வேறு நெட்வொர்க். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வீட்டில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போன் வந்தது: "இன்னாப்பா, டிவில ஒண்ணுமே வர்ல, சீரியல் நேரமாச்சே!" டிவியில் புதுப் பெயரைத் தேர்ந்து பாஸ்வேர்டு போட்டதும் வந்துவிட்டது. அதனால் எவையெவை வைஃபையில் ஓடுகின்றன என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை இருக்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் வீடு மாறி வந்திருப்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. குடியாத்தம் வீட்டில் இருந்த வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கிறதா? புது ரவுட்டருக்கும் (வைஃபை தருகிற பெட்டி) அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள், எழுத்து பிசகாமல். பழைய வீட்டிலிருந்து கொண்டு வந்த டிவி, கேமரா, போன் எல்லாம் பெரும்பாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து இணைக்கிற அலுப்பு மிச்சம். பழைய பாஸ்வேர்டை ஊரில் பாதிப் பேருக்குக் கொடுத்திருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம்.

இனி மாற்றும் முறை. உங்கள் கனெக்‌ஷன் ஜியோ என்றால் மைஜியோ ஆப், ஏர்டெல் என்றால் ஏர்டெல் தேங்க்ஸ் ஆப். உள்ளே உங்கள் வீட்டு இணைப்பைத் திறந்து வைஃபை செட்டிங்ஸ் போனால் பெயரும் பாஸ்வேர்டும் மாற்றும் இடம் இருக்கும். ஆப்பைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க பட்டன்கள் இடம் மாறும், அதற்காக மிரள வேண்டாம். கடையில் தனியாக வாங்கிய டிபி-லிங்க் ரவுட்டர் என்றால் டெதர் என்ற அவர்களுடைய ஆப்பிலேயே முடித்துவிடலாம்.

இவை எதுவும் இல்லாத உள்ளூர் கனெக்‌ஷன்களுக்கு பிரவுசர் வழி. எந்த ரவுட்டருக்கும் பெரும்பாலும் இது நடக்கும், அதனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. முதலில் போனை அந்த வைஃபையில் இணையுங்கள். பிறகு ரவுட்டரின் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், வைஃபை, இணைந்திருக்கும் பெயருக்கு அருகில் உள்ள பல்சக்கரம் என்று போனால் கேட்வே என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும். ஐபோனில் வைஃபை பெயருக்கு அருகிலுள்ள வட்டத்தைத் தொட்டால் ரவுட்டர் என்ற வரியில் இருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருப்பது சகஜம். ஜியோவுக்கு 192.168.29.1 வரும். அந்த எண்ணை குரோமில் மேலே உள்ள அட்ரஸ் பட்டையில் புள்ளிகளோடு அப்படியே அடித்து உள்ளே போங்கள்.

பலரும் தடுக்கி நிற்கிற இடம் இதுதான். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது. மொபைல் டேட்டா ஆனில் இருந்தால், சில நேரம் போன் அந்த முகவரியை சிம் வழியாகத் தேடப் போய்விடும். வீட்டு ரவுட்டர் சிம் நெட்வொர்க்கில் எப்படிக் கிடைக்கும்? டேட்டாவை அணையுங்கள், நெட்டை வேறு வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் ஆப் ஏதாவது ஓடினால் அதையும் நிறுத்துங்கள், பிறகு திறந்து பாருங்கள். வீட்டுக்குள்ளேயே ஓடும் பக்கம் என்பதால் 'பாதுகாப்பற்றது' என்று குரோம் எச்சரிக்கும். நீங்கள் அடித்தது கேட்வேயில் இருந்த அதே எண் என்றால் தயங்காமல் தொடருங்கள்.

அடுத்து யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கும். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரவுட்டரின் பாஸ்வேர்டு. பெட்டியின் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அது வேலை செய்யவில்லை என்றால் கனெக்‌ஷன் கொடுத்தவர் மாற்றியிருப்பார், அவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியின் பாஸ்வேர்டைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, கூச்சப்படாதீர்கள். ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பின்பக்கம் ஊசி நுழையும் ஓட்டையில் ரீசெட் பட்டன் இருக்கும், அதை அழுத்திவிடாதீர்கள். ஃபைபர் கனெக்‌ஷனில் கம்பெனிக்காரர் உள்ளே போட்டு வைத்த இணைப்பு விவரங்களும் அதோடு அழிந்துபோகலாம். பெயர் மாற்றப் போய் நெட்டே இல்லாமல், ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

உள்ளே நுழைந்ததும் வயர்லெஸ் அல்லது டபிள்யூலேன் என்ற பகுதியில் எஸ்எஸ்ஐடி என்று ஒரு கட்டம் இருக்கும். அதுதான் பெயர். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளுக்கு இரண்டு கட்டங்கள் இருக்கலாம். 2.4 சுவரைத் தாண்டி தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டினாலே சோர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் போனே பார்த்துத் தேர்ந்துகொள்ளும். போனும் டிவியும் மட்டும் உள்ள வீட்டுக்கு அதுவே போதும். ஆனால் வாசல் கேமரா, ஸ்மார்ட் பிளக் வைத்திருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைக்கச் சொல்வேன், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே புரிந்துகொள்ளும்.

என்ன பெயர் வைப்பது? எனக்கு இதில் அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. வைஃபை பெயர் உங்கள் வீட்டோடு நிற்பதில்லை, தெருவில் போகிற யாருடைய போனிலும் தெரியும். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மாதிரி. அதனால் கதவு எண், மாடி எண், போன் நம்பர், முழுப் பெயர் எதுவும் வேண்டாம். மகள் பெயரை ஆசையாக வைக்கிறார்கள், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரவுட்டர் கம்பெனியின் பெயரும் மாடல் எண்ணும் கலந்த பெயரையும் விட்டுவைக்காதீர்கள். உள்ளே என்ன பெட்டி இருக்கிறது என்று வெளியாளுக்கு நாமே சொன்ன மாதிரி ஆகும்.

பெயரை மாற்றுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறை, உங்கள் பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து 4096 முறை சுழற்றித்தான் பூட்டின் சாவியை உருவாக்குகிறது. ஊரெங்கும் இருக்கும் பொதுவான பெயர்களுக்கு, இந்தப் பாஸ்வேர்டுக்கு இந்தச் சாவி என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த பட்டியல்கள் உலவுகின்றன. உங்களுடைய பெயர் தனித்துவமாக இருந்தால் அந்தப் பட்டியல் உங்கள் வீட்டில் பலிக்காது. அதற்காக பாஸ்வேர்டைச் சின்னதாக வைத்துவிடாதீர்கள். 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது, நாலு வார்த்தையைக் கோத்து நீளமாகவே வையுங்கள். டபிள்யூபிஏ3 என்ற அதற்கு அடுத்த பாதுகாப்பு முறை தேர்வில் இருந்து, வீட்டுக் கருவிகள் எல்லாம் அதை ஏற்றால் அதைப் போடுங்கள்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வைக்கலாம், சில ரவுட்டர்கள் மறுக்கும். ஆனால் இடம் குறைவு. ஒரு பெயருக்கு 32 பைட்தான் அளவு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும், துணைக்காலும் புள்ளியும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். உங்கள் 'காட்பாடி' 24 பைட், தாராளமாக நுழையும். எங்கள் 'தோட்டப்பாளையம்' 42 பைட், நுழையாது. 'வேலூர்' 18 பைட்தான், பின்னால் இரண்டு மூன்று எண்கள்கூடச் சேர்க்கலாம். எங்கள் வீட்டில் நான் ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறேன். மாடியில் தங்குகிறவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. ராத்திரி பத்து மணிக்கு, கணவனுக்கு மறுநாள் ஆபரேஷன் என்று கலங்கிப்போய் இருக்கும் பெண் பட்டியலில் எந்தப் பெயர் என்று தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

விசித்திரமான குறிகளையும் தவிர்த்துவிடுங்கள். 2021இல் சதவீதக் குறிகள் நிறைந்த ஒரு வைஃபை பெயரில் இணைந்த ஐபோன்களில் வைஃபையே முடங்கிப்போனது. ஆப்பிள் அதை 14.7 பதிப்பில் சரிசெய்தது. பெயரையே மறைத்து வைக்கலாம் என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். அதனால் பாதுகாப்பு அதிகமாகாது. தேடத் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான், நம் விருந்தாளிதான் தவிப்பான்.

சேவ் அழுத்தியதும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். பயப்படாதீர்கள். ரவுட்டர் புதுப் பெயருக்கு மாறிவிட்டது, உங்கள் போன் பழைய பெயரில் இருந்ததால் அறுந்துபோனது, அவ்வளவுதான். ஒரு நிமிடம் விட்டு வைஃபை பட்டியலில் புதுப் பெயரைத் தேர்ந்து இணையுங்கள். பழைய பெயரை போனில் மறக்கச் செய்துவிடுங்கள். கையோடு ரவுட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றி, டைரியில் எழுதி வையுங்கள். ஸ்டிக்கரில் இருப்பதை அப்படியே விட்டால், வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த எவரும் உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

அந்தப் பக்கத்திலேயே கெஸ்ட் நெட்வொர்க் என்று இருந்தால் போட்டுவிடுங்கள். வருகிறவர்களுக்கு நெட் கிடைக்கும், உங்கள் கேமராவும் பிரின்டரும் அவர்கள் கண்ணில் படாது. எங்கள் மாடியறைகளுக்குத் தனியாக அதுதான். ஆண்ட்ராய்டு 10க்குப் பிறகு வந்த போன்களில் வைஃபை பெயரைத் தொட்டு ஷேர் கொடுத்தால் கியூஆர் கோடு வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அச்சிட்டு, அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கீழே பெயரும் பாஸ்வேர்டும், கூடவே வங்காள மொழியில் ஒரு வரி. அந்த வரியை மாடியில் தங்கியிருந்த ஒரு பெரியவர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். இந்த கியூஆர் கோடுக்குள்ளே பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கின்றன. எனவே வாசல் கேட்டில் ஒட்டாதீர்கள். பெயரை மாற்றினால் பழைய தாள் செல்லாது, புதிதாக எடுத்து ஒட்ட வேண்டும்.

பிறகு உங்கள் தாளை எடுத்து ஒவ்வொன்றாக இணைத்துக் கொடுங்கள். டிவி முரண்டு பிடித்தால் பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் விட்டுப் போடுங்கள். வாசல் கேமராவை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அதில் படம் வராமல் இருப்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும். அதன் ஆப்பில் வைஃபையைப் புதிதாகக் கொடுத்து, மொபைல் டேட்டாவில் மாறி வாசல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அன்றிரவு படுங்கள்.