முலாம் பட்டறை நிலத்தில் சோலார்: அந்தக் கூடுதல் 10 சதவீதம்

நியூ ஜெர்சியில் பழைய முலாம் பட்டறை இருந்த மூன்று ஏக்கரில் சோலார் போட்டால் அமெரிக்க அரசின் 30 சதவீத வரிச்சலுகைக்கு மேல், மாசுபட்ட பழைய தொழில் நிலத்துக்கான இன்னொரு 10 சதவீதமும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்க வாய்ப்பிருக்கிறது, ஆனால் மண்ணில் குரோமியம் இருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதெல்லாம் செல்லாது, ஃபேஸ் ஒன் ஆய்வறிக்கை, அதாவது நிலத்தின் பழைய பயன்பாட்டை ஆராய்ந்து அங்கே மாசு இருக்கிறது அல்லது இருக்கலாம் என்று சொல்லும் அறிக்கை, கையில் வேண்டும். 5 மெகாவாட்டுக்குள் என்றால் அதுவே போதும். பெட்ரோல் மட்டும் கசிந்த இடமாக இருந்தால் சிக்கல், உங்களுக்கு அது இல்லை.

அப்புறம் தேதி. 2025-இல் வந்த சட்டப்படி 2026 ஜூலை 4-க்குள் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும், தவறினால் 2027 முடிவதற்குள் மின்சாரமே வந்தாக வேண்டும். சரி, குழி தோண்டிக் கம்பம் நடாதீர்கள். கான்கிரீட் கட்டைகளை மேலே வைத்து அதில் சோலார் தகடுகளைத் தாங்கும் சட்டகத்தைப் பூட்டச் சொல்லுங்கள், தோண்டிய மாசு மண்ணை அப்புறப்படுத்தும் செலவு சலுகையையே தின்றுவிடலாம்.