டானிக் கொடுத்தும் மாடு ஏன் படுத்தது?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு நாலாம் ஈத்து கன்று போட்டது. மறுநாள் காலையில் எழவே இல்லை. கழுத்தை மடக்கி விலாப் பக்கம் சாய்த்துப் படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுக்குக் கஷாயம் ஊற்றச் சொன்னார். அதற்குள் டாக்டர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்ற, எழுந்து நின்றது. சினையின் கடைசி இரண்டு மாதமும் கால்சியம் டானிக் விடாமல் கொடுத்தேன். அப்படியும் ஏன் வந்தது? அடுத்த ஈத்திலும் வருமா?

பதில்: உங்கள் மாட்டுக்கு வந்தது பால் காய்ச்சல், அதாவது கன்று போட்டதும் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடுவது. விடாமல் கொடுத்த அந்த டானிக்கே இதற்கு வழிவிட்டிருக்கலாம்.

மாட்டின் ரத்தத்தில் ஓடும் கால்சியம் மொத்தமே சுமார் 3 கிராம்தான். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராம் போய்விடும். 10 லிட்டர் கறந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தக் குறையை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்து நிரப்பும்படி உடம்பை முடுக்கிவிடுவது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி. தீவனத்திலேயே கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால் அதற்கு வேலை இருக்காது. கன்று போட்டதும் திடீரென்று தேவை வரும்போது, உடம்பு சுதாரிக்க ஓரிரு நாள் பிடிக்கும். மாடு படுப்பது அந்த இடைவெளியில்தான். முதல் ஈத்தில் இது அரிது. மூன்றாம் ஈத்துக்கு மேல் அதிகம். ஜெர்சி ரத்தம் என்றால் இன்னும் கூடுதல்.

கஷாயம் ஊற்றாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. கால்சியம் இறங்கிய மாட்டுக்கு விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும், ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போகும். பெயரில்தான் காய்ச்சல், அதனால் காய்ச்சல் ஊசியும் வேண்டாம். காதைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். சாணி போடாது, வயிறு உப்பும், இதயத் துடிப்பு பலவீனமாகும். சிகிச்சை இல்லாமல் விட்டால் ஒரே நாளில்கூட மாடு போய்விடும். இனி இப்படிப் படுத்தால் உடனே டாக்டரையோ 1962 ஆம்புலன்ஸையோ கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை பக்கவாட்டில் சாய விடாமல், இருபுறமும் மணல் மூட்டையோ வைக்கோல் கட்டோ முட்டுக்கொடுத்து நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள். கால்சியம் பாட்டில் வாங்கி நீங்களே நரம்பில் ஏற்றப் பார்க்காதீர்கள். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். டாக்டரே துடிப்பைக் கேட்டுக்கொண்டுதான் மெதுவாக ஏற்றுவார். எழுந்த மாடு ஓரிரு நாளில் மறுபடி படுப்பதும் உண்டு, கண் வைத்திருங்கள்.

ஒரு முறை வந்த மாட்டுக்கு அடுத்த ஈத்திலும் வர வாய்ப்பு அதிகம். அதனால் கன்று போடுவதற்கு முந்தைய 3 வாரம் கால்சியம் டானிக்கை நிறுத்திவிடுங்கள். அகத்தி, வேலிமசால், குதிரைமசால், சூபாபுல் எல்லாவற்றிலும் கால்சியம் அதிகம். அவற்றைக் குறைத்து வைக்கோல், சோளத்தட்டு, அளவாக அடர்தீவனம் கொடுங்கள். மெக்னீசியம் குறைந்தாலும் இந்த நோய் எளிதில் வரும். அதையும், முன்கூட்டியே வைட்டமின் டி ஊசி போடுவதையும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கன்று போட்ட உடனே வாயில் கொடுக்கும் கால்சியம் ஜெல் ஒன்று, 12 மணி நேரம் கழித்து இன்னொன்று. நிற்கிற மாட்டுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும். சீம்பாலைக் கன்றுக்கு வயிறு நிறையக் கொடுங்கள், ஆனால் முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள். டானிக்கோ தாது உப்புக் கலவையோ, அதற்கப்புறம் பால் கறக்கும் காலம் முழுக்கக் கொடுக்கலாம்.