அமெரிக்க அக்கசாலை (அரசின் நாணய ஆலை) 1974 ஆண்டிட்டு அலுமினியத்தில் ஒரு சென்ட் நாணயம் அடித்தது ஏன்? அது இன்று கிடைத்தால் விற்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் வெள்ளையாக ஒரு 1974 சென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். தாங்கள் அப்படி இல்லையெனில் பொறுத்துக்கொள்ளவும்.

1973-இல் செம்பின் விலை ஏறிக்கொண்டே போனதால், வழக்கமான சென்ட்டில் உள்ள செம்பின் மதிப்பு காசின் முகமதிப்பை மிஞ்சிவிடும் என்றும், மக்கள் காசைப் பதுக்கவோ உருக்கவோ தொடங்குவார்கள் என்றும் அரசு அஞ்சியது. எனவே அக்கசாலை பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அலுமினிய சென்ட்டுகளை முன்கூட்டியே அடித்து, சட்ட ஒப்புதல் பெறும் பொருட்டுச் சிலவற்றை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் காட்டக் கொடுத்தது. காசு போட்டால் பொருள் தரும் இயந்திரங்களை நடத்தியவர்கள் எதிர்த்தார்கள். குழந்தை மருத்துவர்கள் சொன்ன காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: குழந்தை விழுங்கிவிட்டால் அலுமினியம் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. இதற்கிடையே செம்பு விலையும் இறங்கவே, திட்டம் கைவிடப்பட்டுக் காசுகள் உருக்கப்பட்டன. கொடுத்த மாதிரிகளுள் சில மட்டும் திரும்பி வரவில்லை. ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் அலுவலக நண்பர் ஒருவர், மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சில்லறையில் இது கிடைத்தது என்று பளபளக்கும் 1974 சென்ட் ஒன்றைக் காட்டினார். ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் கோடிக்கணக்கில் போகும் என்று நம்பியிருந்தார். தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தோம்; 3.1 கிராம் காட்டியது. அலுமினிய சென்ட் ஒரு கிராம்கூட இராது. விளிம்பில் பூச்சு தேய்ந்த இடத்தில் செம்பு சிவப்பாகவே தெரிந்தது. யாரோ முலாம் பூசிய சாதாரணக் காசு என்றதும், பொறாமையில் சொல்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அயல்நாட்டுக் காசைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று இங்கும் சிலர் கேட்கக்கூடும். தராசு எந்த நாட்டுக் காசுக்கும் ஒன்றுதான். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாக ஆசை காட்டி, முன்பணம் கறக்கும் கூட்டத்தையும் இதே காணொளிகள்தாம் வளர்க்கின்றன.

உண்மையான அலுமினிய சென்ட்டே கிடைத்தாலும் விற்பது எளிதன்று. டென்வர் அக்கசாலையின் துணைக் கண்காணிப்பாளராக இருந்தவர் விட்டுச்சென்ற காசுகளுள் ஒன்று அத்தகையது என்று தெரியவந்து, அவருடைய மகன் வழியாக ஏலத்துக்குப் போகவிருந்த வேளையில், அது அரசின் சொத்து என்று அமெரிக்க அரசு உரிமை கோரியது. வழக்கு நடந்தது. 2016-இல் அந்தக் காசு அக்கசாலையிடமே ஒப்படைக்கப்பட்டது.