ஆய்வு மேசை: பாட்டியின் பேச்சும் சான்றே

கேள்வி: ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு வந்த எம் முன்னோரைப் பற்றி டர்பனில் ஆய்வேடு எழுதுகிறேன். கப்பல் பதிவேடு, இணையப் பட்டியல், பாட்டி சொன்ன செய்தி ஆகியவற்றை எவ்வாறு சுட்டுவது?

பதில்: எதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களோ அதையே சுட்ட வேண்டும் என்பதுதான் முதல் விதி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்தடைந்த ட்ரூரோ கப்பலின் பெயர்ப்பட்டியலை இணையத்தில் மட்டும் படித்துவிட்டு, மூலப் பதிவேட்டையே புரட்டியதுபோல் அடிக்குறிப்பு எழுதுவது நேர்மையாகாது. படியெடுத்தவர் ஒரு பெயரைப் பிழையாக வாசித்திருந்தால் அந்தப் பிழை உங்களுடையதாகிவிடும். இணையப் பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதாயின், பார்த்த நாளையும் குறியுங்கள். காப்பகத்தில் மூலத்தைக் கண்டால் ஆவணத் தலைப்பு, தொகுதி, பக்கம், காப்பகத்தின் பெயர், ஊர் ஆகியவற்றோடு, தொழிலாளிக்கு அளிக்கப்பட்ட குடியேற்ற எண்ணையும் தருவது நன்று. ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய அதுவே துணை.

பாட்டியின் பேச்சு பதிவு செய்யப்படாதிருந்தால், ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) வகுத்த மேற்கோள் முறைப்படி, அவர் பெயரும் பேசிய நாளும் கட்டுரைக்குள் மட்டும் இடம்பெறும். பிறர் சென்று பார்க்க இயலாததால் நூற்பட்டியலில் சேராது. ஆகவே அவர் இசைவோடு இப்போதே ஒலிப்பதிவு செய்து ஒரு காப்பகத்தில் ஒப்படையுங்கள். அதன்பின் அதுவும் பட்டியலில் சேரும்.