கேம்பர் கூரை ஒழுகுகிறது, எதைப் பூசுவது?

கேள்வி: கனடாவில் ஒன்டாரியோ பக்கம் இருக்கிறோம். போன கோடையில், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய்த் தங்குகிற 20 அடி நீளமுள்ள பழைய கேம்பர் ட்ரெய்லர் ஒன்று வாங்கினோம். கூரை அலுமினியத் தகடு. பனிக்காலம் முடிந்து திறந்து பார்த்தால் படுக்கைக்கு மேலே பழுப்புக் கறை, மழை பெய்தால் சொட்டுகிறது. கடையில் சிலிக்கான், பாலியூரித்தேன், தார் பூச்சு, டேப் என்று ஏகப்பட்டது இருக்கிறது. சிலிக்கான்தான் விலை குறைவு, அதையே பூசிவிடலாமா?

பதில்: வேண்டாம். விலையைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். குளியலறைக்கு வாங்குகிற சாதாரண சிலிக்கானைப் பிதுக்கினாலே வினிகர் வாடை அடிக்கும் இல்லையா, அது அசெட்டிக் அமிலம், வெறும் தகட்டை அரிக்கக்கூடியது. வாடை அடிக்காத வகையும் உண்டு, ஆனால் எந்தச் சிலிக்கானாக இருந்தாலும் நாளைக்கு ஓரம் தூக்கிக்கொண்டால் அதன் மேல் வேறு எதுவும் சரியாக ஒட்டாது, பெயின்ட் கூட நிற்காது. நான் வாங்கிய பழைய ட்ரெய்லரில் முன்பு வைத்திருந்தவர் கூரை வென்ட்டை (காற்றுப் போக்கியை) சுற்றி விரல் தடிமனுக்கு அதைப் பூசியிருந்தார். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ரப்பர் வார் மாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது, அடியில் ஒரே ஈரம். அப்படி உரிந்த பிறகும் தகட்டில் வழவழவென்று ஒரு படலம் தங்கிவிட்டது, அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு சனி ஞாயிறு போய்விட்டது.

தார் பூச்சும் வேண்டாம். வெயிலில் காய்ந்து வெடிக்கும், கருப்பு நிறம் என்பதால் சூட்டை வாங்கும், பிறகு எடுக்கவும் வராது.

தகட்டுக் கூரையில் அசல் பிரச்சினை அது சும்மா கிடக்காது என்பதுதான். அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு சுமார் 0.023 மில்லிமீட்டர் நீளும். உங்கள் 6 மீட்டர் கூரை ஜனவரி இரவில் மைனஸ் 25-லும் ஜூலை வெயிலில் 60-லும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டு சுருங்குகிறது. அதோடு ரோட்டில் போகும்போது முழு வண்டியும் முறுக்கிக் கொடுக்கும். அதனால் கல் மாதிரி இறுகுகிற எதுவும் அங்கே தாங்காது, கடைசி வரை இழுபடுகிற பொருள்தான் வேண்டும்.

வென்ட், ஏணிக் கால், ஆன்டெனா மாதிரி திருகி வைத்த எல்லாவற்றுக்கும் அடியில் பியூட்டைல் டேப், அதாவது மெத்தென்று ஒட்டுகிற ரப்பர் பட்டை, போடுங்கள். உண்மையில் தண்ணீரைத் தடுப்பது இதுதான், மேலே பூசுவது இரண்டாவது காவல். ஆகவே வென்ட்டைக் கழற்றாமல் சுற்றி மட்டும் பூசிவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. திருகை இறுக்கும்போது டேப் நான்கு பக்கமும் பிதுங்கி வர வேண்டும். ஒரு நாள் விட்டு மறுபடி கொஞ்சம் இறுக்கிவிட்டு, பிதுங்கியதை பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி எடுங்கள். அப்புறம் விளிம்பும் திருகுத் தலைகளும் மூடும்படி லாப் சீலன்ட் (விளிம்புகளின் மேல் பூசுகிற அடைப்புப் பசை) போடுங்கள். டைகோர் என்ற பிராண்ட் அங்கே சுலபமாகக் கிடைக்கும். அதில் தானாகவே மட்டமாகப் பரவுகிற வகை கூரையின் சமதளத்துக்கு மட்டும், சரிவிலும் பக்கவாட்டிலும் போட்டால் வழிந்து ஓடிவிடும், அங்கே வழியாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தகடும் தகடும் சேரும் மூட்டுகளுக்கு சிக்காஃப்ளெக்ஸ் 221 மாதிரி பாலியூரித்தேன் நல்லது, உலோகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு இழுவைக்கும் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: பூசுகிற இடத்தைச் சுத்தம் செய்ய ஆல்கஹாலால் துடைத்திருந்தால், அது முழுக்கக் காய்வதற்குள் பாலியூரித்தேனைப் பூசினால் பூச்சு சரியாக இறுகாது, பிசுபிசுவென்றே கிடக்கும். நீளமான மூட்டு முழுவதும் வெடித்திருந்தால் எட்டர்னாபாண்ட் என்ற கூரை ஒட்டு டேப்பை ஒட்டலாம். வைத்த இடத்திலிருந்து பெயர்த்து மறுபடி ஒட்ட முடியாது என்பதால் முதலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, ஒட்டியதும் உருளையால் அழுத்தித் தேயுங்கள்.

பழையதைச் சுரண்ட பிளாஸ்டிக் சுரண்டிதான், இரும்பு வேண்டாம். பத்து டிகிரிக்கு மேல் இருக்கிற, மழை இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஏறினால் வெறும் தகட்டில் கால் வைக்காமல், குறுக்குச் சட்டங்களின் மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு அதில் முழங்காலிட்டு உட்காருங்கள்.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். முன்னால் நுழைகிற தண்ணீர் சட்டத்தின் வழியே ஊர்ந்து எங்கோ போய்ச் சொட்டும். சன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரு ப்ளோயரால் உள்ளே காற்றை அடித்துக்கொண்டே, கூரையில் சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் வேலை.

சீலன்ட் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் இன்று ஒன்று செய்யுங்கள். அந்தப் பழுப்புக் கறையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நன்றாக உலரவிட்டு மேல் வேலையை ஆரம்பிக்கலாம். பஞ்சு மாதிரி உள்ளே போனால் மரம் மக்கிவிட்டது, திருகு பிடிக்காது. அந்தப் பகுதியைத் திறந்து, உலர்த்தி, புதுக் கட்டை வைத்த பிறகுதான் கூரைப் பக்கம் போக வேண்டும்.